கல்லுக்கு அனுமதி எழுதும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் அகழ அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நிலாவரைக் கிணற்றுக்கு எப்படியும் ஒருமுறையாவது போயிருப்பீர்கள். இராமர் அம்பு விட்டு உண்டாக்கிய கிணறு என்று எங்கள் அப்பாச்சி சொல்வார். அம்போ என்னவோ, வேலையைச் செய்தது மழைதான். காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மெல்லிய அமிலம். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசின் காலத்தில் கடலடியில் படிந்த எங்கள் கல்லை அது மெல்ல மெல்லத் தின்று குகை குடைந்தது. அப்படியொரு குகையின் கூரை இடிந்த இடம்தான் நிலாவரை. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உவர். கீரிமலையில் அதே கல்லின் வெடிப்புகளால் ஓடிவரும் நன்னீர், அலைச் சத்தம் கேட்கும் கேணியில் ஊறுகிறது.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத ஊர் இது. பெய்யும் மழையைப் பிடித்து வைப்பது இந்தக் கல்தான். அதற்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறப் பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கல்லே எடுக்காதீர்கள் என்று கேட்கவில்லை. என் வீடும் சீமெந்து வீடுதான். சுண்ணாம்பு இல்லாமல் வெற்றிலைகூடப் போட முடியாது. ஆனால் 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை போரோடு 1990இல் நின்றுபோன பிறகும், அதற்குக் கல் எடுத்த பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. வெட்டிய கல் திரும்ப முளைக்காது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் எழுதும்போது, எத்தனை கியூப் என்பதற்கு முன்னால், நீர் மட்டத்துக்கு மேலே எத்தனை அடி கல்லை விட்டுவைக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்த மட்டத்தை ஆவணியில் அளக்க வேண்டாம். அப்போது கிணறெல்லாம் இறங்கிக் கிடக்கும், எவ்வளவு தோண்டினாலும் காய்ந்த கல்தான் தெரியும். மாரி முடியும்போது வாருங்கள். அப்புறம், கைவிட்ட பள்ளங்களில் குப்பை கொட்ட விடாதீர்கள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒன்று ஏற்கெனவே பாதி நிரம்பிவிட்டது. வெடிப்புள்ள கல் அழுக்கை வடிகட்டாது, நேரே கிணற்றில் கொண்டுபோய் விடும்.

தை மாதம் வந்தால் என் தோட்டக் கிணற்றிலேயே அளந்து பார்க்கலாம். துலா போய் மோட்டர் வந்துவிட்டது, ஆனால் பழைய கயிறு இருக்கிறது.

இப்படிக்கு,
வலிகாமத்து வெங்காயத் தோட்டக்காரன்