முள்ளோடைத் தடுப்பில் புற்றுநோயாளிகளுக்கு வழிவிடக் கோரும் மனு

நாள்: 04.10.2021

அனுப்புநர்: நோயாளி ஒருவரின் கணவர், கடலூர் முதுநகர்.
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.

பொருள்: ஊரடங்குக் காலத்தில் புற்றுநோயாளிகள் புதுச்சேரிக்குச் சிகிச்சைக்குச் சென்றுவர நிரந்தர அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இதே கோரிக்கையை ஜூனிலும் ஆகஸ்டிலும் வேறு இரண்டு அலுவலகங்களில் கொடுத்தேன். ஓரிடத்தில் பெட்டியில் போடச் சொன்னார்கள், போட்டேன். பதில் இல்லை. அதனால் தங்களிடம் வருகிறேன்.

பெரிய வியாதி என்றால் கடலூர்க்காரர்கள் பாண்டிக்குத்தான் ஓடுகிறோம் என்பது தாங்கள் அறிந்ததே. பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் ரெட்டிச்சாவடி, அடுத்து புதுச்சேரி எல்லையான முள்ளோடை. ஒரு மணி நேரப் பயணம். ஊரடங்கு வந்தால் அது எட்டாத தூரம்.

1. 2020 பிப்ரவரியில் என் மனைவிக்கு மார்பில் கோலிக்குண்டு அளவுக் கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே எடுக்க ஏப்ரலில் நாள் கொடுத்தார்கள். மார்ச் 24 மாலை ஊரடங்கோடு எல்லாம் நின்றது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அவசரம் இல்லை என்று நாங்களும் இருந்துவிட்டோம். நவம்பரில் அக்குளில் நெறிகட்டிய பிறகுதான் சதை எடுத்து டெஸ்ட் செய்தார்கள். மூன்றாம் நிலை என்றார்கள்.

2. இந்த ஆண்டு பிப்ரவரி 4 முதல் 21 நாளுக்கு ஒரு கீமோ, மொத்தம் எட்டு. ஆறாவது ஊசி மே 20. ஊரடங்கால் பஸ் கிடையாது. பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் பயணத்துக்கான இ-பதிவு செய்து கொடுத்தான். 1,200 ரூபாய் பேசி ஆட்டோவில் போனோம். முள்ளோடையில் நிறுத்திவிட்டார்கள். ஓ.பி. சீட்டு, சதை டெஸ்டின் பயாப்சி ரிப்போர்ட், ஊசி போட்ட தேதிகள் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் நீட்டினேன். தமிழ்நாட்டுப் பதிவு இங்கே செல்லாது என்றார் ஒருவர். பதினொரு மணி வெயில். என் மனைவி தலையில் கட்டியிருந்த துணியை அவளே அவிழ்த்து, முடி கொட்டிய தலையைக் காட்டினாள். முடி போனதிலிருந்து பெற்ற பிள்ளைகள் முன்னால்கூட அந்தத் துணியை எடுக்காதவள் ஐயா அவள். அதற்குப் பிறகும் திரும்பிப் போகச் சொன்னார்கள். ஊசி 12 நாள் தள்ளிப்போனது. அந்த 12 நாளில் கட்டி என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கும் இரவில் அவள் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?

3. நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை பதிவான புதிய நோயாளிகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைவு என்று இந்த மே மாதம் ஓர் ஆய்வு வெளியானது. நோயா குறைந்தது? வர வழியில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். கட்டி ஊரடங்குக்கு அடங்காது ஐயா.

4. எங்கள் பகுதியில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு மார்பும் கர்ப்பப்பை வாயும் பரிசோதித்துவந்த செவிலியரைக் கொரோனா வேலைக்கு மாற்றினார்கள். சரி, அப்போது தேவைதான். இன்னுமா? அவரைத் திரும்ப அனுப்புங்கள்.

5. மூன்றாவது அலை வரும் என்கிறார்கள். இப்போதே புதுச்சேரி நிர்வாகத்தோடு பேசி, ஓ.பி. சீட்டும் ஆதாரும் இருந்தால் நோயாளியையும் துணைக்கு ஒருவரையும் விட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வாங்கிக் கொடுங்கள். முள்ளோடையில் நிற்பவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். பஸ் நின்றால் கடலூரிலிருந்து தினம் ஒரு வேன். இவ்வளவுதான். இதற்கு எத்தனை மனு எழுதுவது? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

ஆகஸ்டில் ஆபரேஷன் முடிந்தது. போன வாரம் முதல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். வாரம் ஐந்து நாள், மொத்தம் ஐந்து வாரம். நாளைக் காலையும் அந்த வழியாகத்தான் போகிறோம். தடுப்புக் கம்பிகள் ரோட்டோரமாகவே கிடக்கின்றன. அவற்றை மறுபடி நடுரோட்டுக்கு இழுப்பதற்குள் உத்தரவு போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்