தம்பிக்கு எழுதும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடி படிக்கத் தொடங்கிவிட்டேன். தம்பிக்கு அனுப்புவதற்காக நீ எழுதியிருந்த பக்கத்தைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அதை அப்படியே அனுப்பாதே. 'அன்றைக்கு ஏதோ நடந்துவிட்டது, உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு' என்று எழுதியிருக்கிறாய். எதுவும் தானாக நடக்கவில்லையே. வீட்டை விற்கும்போது அவனைக் கேட்காமல் முடிவெடுத்தது நீ. அவன் பங்கைக் குறைத்ததும் நீ. 'புண்பட்டிருந்தால்' என்று வேறு எழுதுகிறாய். உன்னோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவனிடம் அந்தச் சந்தேகம் எதற்கு? படித்ததும் அவனுக்குக் கோபம்தான் வரும்.

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கொடுமையைப் பற்றி நாம் முன்பு பேசியிருக்கிறோம். அதை விசாரித்து 1997இல் வந்த அறிக்கை, மன்னிப்பும் கேட்க வேண்டும், இழப்பீடும் தர வேண்டும் என்றது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். மன்னிப்புக் கேட்க மட்டும் மறுத்துவிட்டார். வருத்தம் யார் வேண்டுமானாலும் படலாம், விஷயத்தைக் கேள்விப்பட்ட மூன்றாம் மனிதர்கூட. பறிகொடுத்தவர்களுக்கு அது எப்படிப் போதும்? 2008 பிப்ரவரி 13 அன்று, அப்போது பிரதமராக இருந்த கெவின் ரட்தான், அடுத்தடுத்து வந்த அரசுகளின் சட்டங்களுக்காகவும் கொள்கைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டார். எது தவறு, யாருடைய தவறு என்று அதில் இருந்தது. ஆனால் இழப்பீடு தர அவர் அரசும் இசையவில்லை. அந்த மனக்குறை அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைத்துவைத்த ஜப்பானிய வம்சாவளியினரிடம் அமெரிக்கா 1988இல் சட்டம் போட்டே மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தரவும் அதே சட்டம் வழிசெய்தது. பறிபோன வீட்டுக்கும் தொழிலுக்கும் அந்தப் பணம் ஈடாகாது. ஆனாலும் சொன்ன சொல்லோடு கொடுக்கவும் முன்வந்தார்கள் என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்புறம், ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 755 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். மன்னிப்புக் கேட்கும்போது எது அதிகம் எடுபடுகிறது என்பதுதான் கேள்வி. தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது முதலில் வந்தது. அதைச் சரிசெய்து தருகிறேன் என்பது அடுத்து. 'என்னை மன்னித்துவிடு' என்ற வேண்டுகோள்தான் கடைசி. நீ எழுதிய பக்கத்தில் அந்த வேண்டுகோள் மூன்று இடங்களில் இருக்கிறது, ஒப்புக்கொள்ளும் வரி ஒன்றுகூட இல்லை. கேட்டதும் மன்னித்தாக வேண்டும் என்று அவனை நெருக்காதே. அது அவனுக்குத் தோன்றும்போது வரட்டும், வராமலும் போகலாம்.

அப்போது உனக்கிருந்த கடன் நெருக்கடியைப் பற்றிப் பாதிப் பக்கம் எழுதியிருக்கிறாய். அது பொய்யில்லை, எனக்கும் தெரியும். ஆனால் இப்போது வேண்டாம். அவனாகக் கேட்டால் சொல்லிக்கொள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். 'வீட்டை விற்றபோது உன்னைக் கேட்கவில்லை. உனக்குச் சேர வேண்டியதைக் குறைத்தேன். அது நான் செய்த தவறு' என்று தொடங்கு. எவ்வளவு குறைத்தாய் என்ற தொகையையும் எழுதிவிடு. எப்போது, எப்படித் தருவாய் என்பதையும் சேர்த்து எழுது. உன்னால் முடிகிற தேதியைச் சொல். சொன்ன தேதியில் பணம் போகாவிட்டால், இந்தக் கடிதமே அவனுக்கு இன்னொரு காயமாகிவிடும்.

கைபேசியில் நாலு வரி தட்டி அனுப்பிவிடாதே. கையால் எழுது. நேரில் போவதாக இருந்தால் சொல், துணைக்கு வருகிறேன். ஆனால் பேச வேண்டியது நீதான், உனக்காக நான் பேச மாட்டேன். திருத்தி எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்