ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காரில் வேறு இன்ஜின் ஏற்றி, வயரிங் முடித்துச் சாவியைத் திருப்பியதும் ஃபியூஸ் போகிறது. உடனே 15 ஆம்பியரைக் கழற்றி 30 போடுகிறார்கள். ஃபியூஸ் காப்பது வயரை. அதை மாற்றினால் அடுத்து உருகுவது வயரின் உறைதான்.

ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பைக் கோத்துப் பாருங்கள். பம்ப், ஃபேன் இணைப்புகளை முதலில் கழற்றிவிட வேண்டும். அவையும் பல்பை எரிய வைக்கும். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். ஆனாலும் 2 ஆம்பியருக்குள்தான் ஓடும், வயர் பிழைக்கும். பிறகு கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதில் பல்பு அணைகிறதோ, பழுது அந்தக் கிளையில். ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் வயர் புகைக்குழாயில் பட்டு உருகியிருக்கிறதா, கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் ஹார்னஸ் (வயர்க் கட்டு) நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரிலேயிலும், அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்சிலும், ஒரு கண்ணி உண்டு. உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) உள்ள ரிலேயில் 86 என்ற பின்னுக்குப் பிளஸ், 85 என்ற பின்னுக்கு எர்த். மாற்றிக் கொடுத்தால் சாவி போட்ட நொடியே ஃபியூஸ் போய்விடும். ரிலேயின் மேல் அச்சிட்ட படத்தைப் பார்க்காமல் இணைப்பதால் வரும் வினை இது.

ஃபேன் கிளம்பும்போது ஓடும் அளவைவிடப் பல மடங்கு இழுக்கும். அதற்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே வேண்டும். தொடர்ந்து 12 ஆம்பியர் இழுக்கும் சுமைக்கு 15 போதும். வயரும் அதைத் தாங்க வேண்டும். பேட்டரியிலிருந்து வரும் மெயின் வயருக்கான ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்