முடியை வழித்துவிடாதே, மகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். பொகவந்தலாவைப் பக்கம் தென்மேல் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் கூட.

கொழும்பு வெக்கையில் நம் நாய் ஜிம்மி நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறது, முடியை ஒட்ட வழித்துவிடவா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. வழிக்காதே.

நான் 30 வருடம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவன். அதை 4, 5 வருடத்துக்கு ஒருதரம் வெறும் குச்சியாக வெட்டி விட்டாலும் மறுபடி தளிர் விடும். நாய் முடி அப்படியில்லை. ஜிம்மியின் பொமரேனியன் சாதிக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே முரட்டு முடி, உள்ளே பஞ்சு. மேல் முடிதான் வெயில் தோலில் படாமல் காக்கிறது. வழித்துவிட்டால் சில நாய்க்குத் திட்டுத் திட்டாகத்தான் திரும்ப முளைக்கும். உள்ளே அடைந்து கிடக்கும் உதிர்ந்த பஞ்சை வாரி எடு, காற்றோட்டம் வந்துவிடும். முடியைக் கையால் பிரித்து, தோல் தெரிய, அடியிலிருந்து வரிசை வரிசையாக வார வேண்டும். மேலோட்டமாகத் தடவிவிட்டு வாரியாச்சு என்று நினைக்காதே, நீ அதைத்தான் செய்வாய், எனக்குத் தெரியும்.

காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் கம்புக்கூட்டிலும்தான் சிக்கு விழும். போன வருடம் நீ வேலைக்குப் போன புதிதில், காதுக்குப் பின்னால் பாக்கு அளவில் ஒரு சிக்கு. பிடித்து இழுத்துக் கத்தரிக்கோலை வைத்தேன். சிக்கோடு தோலும் மேலே வந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒரே கத்து. கையெல்லாம் ரத்தம். கவ்வாத்துக் கத்தியில் ஒரு நாளும் கை தவறாதவன், ஒரு நாய்க்குட்டியின் காதில் தவறிவிட்டேன். அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டவுனில் மிருக வைத்தியர்தான் காட்டித் தந்தார்: தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலேதான் வெட்ட வேண்டுமாம். அதுவும் கடைசியாகத்தான். முதலில் சிக்கின் அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் வார வேண்டும், பின்னால் அல்ல. தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிப்போகும். மாதத்துக்கு ஒரு தடவை வெதுவெதுப்பான தண்ணீர் போதும். நீ போடும் சவர்க்காரமும் ஷாம்பூவும் வேண்டாம், நாயின் தோல் நம் தோலைப் போல் அமிலமானதல்ல, வறண்டு சொறிய ஆரம்பிக்கும். நாய்க்கென்று விற்பதை வாங்கு. காதுக்குள் தண்ணீர் விடாதே. உள்பஞ்சு காயும் வரை துடை. ஈரம் நின்றால் புண் வரும்.

நகம் கறுப்பாக இருப்பதால் உள்ளே ஓடும் ரத்த நரம்பு தெரியாது. நுனியை மட்டும் சீவு. ரத்தம் கசிந்தால் கோதுமை மாவை அப்பி அழுத்திப் பிடி.

இங்கே விரலிடுக்கில் அட்டைதான் பார்ப்போம். அங்கே உண்ணியைப் பார். காதின் உள்மடிப்பில், விரலுக்கு நடுவில் இருக்கும். முடி பிடுங்குகிற சாமணத்தால் தோலை ஒட்டினாற்போல் உண்ணியைப் பிடித்து நேரே இழு. பக்கத்து வீட்டார் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதே.

நடுப்பகலில் ரோட்டுக்குக் கூட்டிப் போகாதே. சீமெந்துத் தரையில் படுக்க விடு.

ஜிம்மியின் இரும்புப் பல் சீப்பை மறந்துவிட்டுப் போய்விட்டாய். மேல் லயத்துத் தம்பி வெள்ளிக்கிழமை கொழும்புக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். பல்லிடுக்கில் கொஞ்சம் பழைய முடி இருக்கும். கழுவப் போனேன், அம்மா விடவில்லை.

இப்படிக்கு,
அப்பா