ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை: கூரை, வடக்குச் சுவர், கணக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

திருப்பணி முடிந்தது. மதிப்பீடு 42 லட்சம். செலவு 51 லட்சத்து 30 ஆயிரம். கூடுதலான 9,30,000 ரூபாய் எங்கே போனது என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டவர்களுக்கும், வாசலில் நின்று பேசிக்கொண்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

சுவரைச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டில் பூசியிருந்தால் பூச்சுச் செலவு பாதியாகக் குறைந்திருக்குமே என்கிறார்கள். குறைந்திருக்கும். முன்பு ஒருமுறை அப்படித்தான் பூசினார்கள். நம் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாகவே ஆவியாக வேண்டும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பையும் கூடவே கொண்டுபோய், உள்ளே செங்கல்லை மாவாக்கியது. வடக்குச் சுவரில் நினைவுக் கல்லுக்குக் கீழே தட்டினால் உள்ளே வெற்றிடம் போலச் சத்தம் கேட்டதற்கு அதுதான் காரணம்.

கூரைக்கு வருவோம். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் பிரதிஷ்டையான புனித மரியாள் ஆலயத்துக்குக் குண்டு விழுந்தாலும் தாங்கும் கனத்த வளைவுக் கூரை. எழும்பூரில் பொறியாளர் டி ஹாவிலாண்ட் கட்டி 1821இல் திறந்த புனித அந்திரேயா ஆலயம் சதுப்பு மண்ணில் அஸ்திவாரமாகக் கிணறுகள் இறக்கி எழுப்பியது, மேலே குவிமாடம். கரையானுக்குப் பயந்து மரத்தை ஒதுக்கிய கட்டடம் அது. நம்முடையது மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், குறுக்குக் கட்டைகள், மூலைவாட்டில் செங்குத்தாக அடுக்கிய சிறு செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, தட்டோடு. கரையானுக்கு இங்கே பந்தி விரித்தே வைத்திருக்கிறோம்.

உத்திரங்கள் 14. நடுப்பகுதி எல்லாமே வைரம் பாய்ந்த மரம். சுவருக்குள் செருகிய நுனியில்தான் கோளாறு: 5 உத்திரங்களில் ஸ்க்ரூடிரைவர் பிடிவரை இறங்கியது. கூரையைத் திறக்கும்வரை யாருக்கும் தெரிய வழியில்லை. உளுத்த நுனியை அறுத்து, பழைய தேக்கை ஒட்டுப்போட்டு, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கினோம். நுனியைச் சுற்றி ஒரு அங்குலம் காற்றுக்கு விட்டிருக்கிறோம்; அதை விரிசல் என்று நினைத்து யாரும் அடைத்துவிட வேண்டாம். இதற்கு 4,10,000.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். சுண்ணாம்பை நீற்றி மூன்று வாரம் ஊறவைத்து, மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசுவதாக ஏற்பாடு. வடக்குச் சுவரில் முதல் 640 சதுர அடி பூசிய மறுநாள் காலை நகத்தால் கீறினால் தடமே விழவில்லை. சுண்ணாம்பு ஒரே இரவில் அப்படி இறுகாது. விசாரித்ததில், “சீக்கிரம் பிடிக்கட்டும்னு கொஞ்சம் சிமெண்ட் போட்டோம்” என்றார். முழுவதையும் கொத்தச் சொன்னோம். கொத்தும்போது நல்ல செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்தது. அவரோ கொத்தியதற்கும் கூலி கேட்டு இரண்டு வாரம் ஆள் அனுப்பவில்லை.

அவருக்கு ஏன் ஒரு பைசாவாவது கொடுத்தீர்கள் என்பது நியாயமான கேள்விதான். ஒப்பந்தத்தில் ‘சுண்ணாம்புப் பூச்சு’ என்று எழுதினோம்; ‘சிமெண்ட் கலக்கக் கூடாது’ என்று எழுதவில்லை. அது எங்கள் தவறு. வழக்குக்குப் போனால் கூரை திறந்தபடியே மழைக்காலத்தைக் கழித்திருக்கும். பாதிப் பொருட்செலவு மட்டும் கொடுத்து, கூலியை மறுத்து முடித்தோம். மறுபூச்சும் சேர்த்து 1,85,000. கிளிஞ்சல் சுண்ணாம்புக்கும் அரவைக்கும் கூடுதலாக 1,75,000.

அந்த இரண்டு வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு கலந்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டிய தளம் நம் கூரை. ஈரம் சொட்டும்போது அடித்தால் சுண்ணாம்பு கரைந்து ஓடிவிடும். ஜனவரிவரை தார்ப்பாய். சாரம், தார்ப்பாய் கூடுதல் வாடகை 1,60,000. கிறிஸ்துமஸ் ஆராதனை சமூகக்கூடத்தில் நடந்ததற்கு இதுவே காரணம், குழுவின் சோம்பல் அல்ல.

மின்கம்பி, இடிதாங்கி, பெஞ்சு பாலிஷ், மணிக்கூண்டு ஏணி: குறித்தபடி முடிந்தன.

கொடுத்தவர்கள்: பெண்கள் ஐக்கிய சங்கம் (தட்டோடு முழுவதும்), வாலிபர் சங்கம் (தார்ப்பாய், இரவுக் காவலும்), பாடகர் குழு, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நால்வர், வெளிநாட்டில் இருக்கும் மூன்று குடும்பங்கள், உத்திரத்துக்குப் பழைய வீட்டுத் தேக்கைத் தந்த மூத்த அங்கத்தினர், பெயர் வேண்டாம் என்று உறையில் வைத்துப் போன இருவர். தனித்தனிப் பெயர்கள் முகப்புப் பலகையில் உள்ளன. விடுபட்டவர்கள் கோபிக்காமல் செயலரிடம் சொல்லவும்.

அடுத்த அக்டோபருக்குள் மழைநீர்க் குழாய்களில் அரசிலை அடைத்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் இன்னும் தேறவில்லை. ரசீதுகள், அளவுப் புத்தகம் இரண்டும் ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் வெஸ்ட்ரியில் (ஆலயத்தை ஒட்டிய குருவின் அறையில்) இருக்கும்; யாரும் வந்து பார்க்கலாம்.

திருப்பணிக் குழு