பன்னிரண்டு கம்பி கிட்டார்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீடு மாற்றுகிற அலைச்சலில் பதில் தள்ளிப்போய்விட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தானே பேப்பர் படிக்கிறார், உன்னையும் விசாரித்தார்.

சாமான்களைப் பிரிக்கும்போது ஹாஸ்டல் காலத்துக் கேசட் பெட்டி கிடைத்தது. நீ பதிவு செய்து கொடுத்த பிக் ஸ்டார் குழுவின் கேசட்டும் அதில் இருக்கிறது. அதைக் கொடுத்தவனா, கிட்டார் அதிர இனிய மெட்டும் கூட்டுக் குரலுமாக வரும் பவர் பாப் பாட்டுகளைப் பற்றி, "எல்லாமே பீட்டில்ஸின் ஈயடிச்சான் காப்பி" என்று எழுதுகிறான்? மனசு ஆறவில்லை எனக்கு.

யோசித்துப் பார். 1964இல் வந்த பீட்டில்ஸ் சினிமாவில் அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்த பன்னிரண்டு கம்பி ரிக்கன்பேக்கரைப் பார்த்துத்தான் அமெரிக்கரான ரோஜர் மெக்குயின் அதே ரகக் கிட்டாரை வாங்கினார். அடுத்த வருஷம் அதன் மணியோசைதான் அவருடைய பேர்ட்ஸ் குழுவின் அடையாளமே ஆனது. அவர்களுடைய 'த பெல்ஸ் ஆஃப் ரிம்னி'யைக் கேட்ட ஹாரிசன், அதன் கிட்டார் வரிசையை வைத்து 'இஃப் ஐ நீடட் சம்ஒன்' எழுதினார். எங்கிருந்து எடுத்தேன் என்று பேர்ட்ஸுக்கே சொல்லியும் அனுப்பினார். இதில் யார் அசல், யார் நகல்?

பிக் ஸ்டாரையே எடுத்துக்கொள். கறுப்பின மக்களின் சோல் இசைக்குப் பேர்போன அமெரிக்க நகரமான மெம்ஃபிஸில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்துக் குழுக்களைக் காதலித்த நான்கு பையன்கள். அவர்களில் ஒருவரான அலெக்ஸ் சில்டன் 1967இல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காகக் கரகரத்த பெரிய மனுஷக் குரலில் 'த லெட்டர்' பாடி முதலிடம் பிடித்தவர். 1972இல் பிக் ஸ்டாரின் முதல் ஆல்பத்தில் வரும் 'தர்ட்டீன்' பாட்டில் அந்தக் குரல் எங்கே? மெலிந்த குரலில் ஒரு பையன், பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரை கூட நடந்து வரட்டுமா என்று ஒரு பெண்ணிடம் கேட்கிறான். கூட்டுக் குரல் கடன் வாங்கியதாகவே இருக்கட்டும். அந்தத் தயக்கம் யாரிடம் வாங்கியது? விநியோகம் சொதப்பியதால் அந்தத் தட்டு கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நீ சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1980இல் டாட் ரன்ட்கிரனின் யூட்டோப்பியா குழு 'டிஃபேஸ் த மியூசிக்' என்று ஓர் ஆல்பம் முழுக்க பீட்டில்ஸ் பாணியிலேயே போட்டது. கைவேலை அபாரம். ஆனால் இரண்டு தடவைக்கு மேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பாடுகிறவருக்கு நம்மிடம் சொல்ல ஒன்றுமில்லை. த நேக் குழுவின் கதை வேறு. 1979இல் ஆல்பத்தின் அட்டை பீட்டில்ஸ் மாதிரி இருந்ததற்காக அவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். 'மை ஷரோனா'வின் அந்த டிரம் அடியோ பீட்டில்ஸில் எங்குமே கிடையாது. சட்டைதான் இரவல், உடம்பு சொந்தம்.

அப்புறம், நீ அனுப்பிய புதுக் குழுவின் பாட்டை மூன்று நாளாகக் கேட்கிறேன். கிட்டார் பழசுதான், ஒப்புக்கொள்கிறேன். கடைசிப் பல்லவிக்கு முன்னால் பாடகி மூச்சு விடும் இடத்தை மட்டும் ஹெட்போன் போட்டு இன்னொரு தடவை கேள். கேட்டுவிட்டு எழுது.

கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் டேப் சிக்கிக் கிடக்கிறது. பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. டிசம்பரில் வரும்போது உன் பழைய பிளேயரையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
சேகர்