யாருடைய காலேஜ் என்று கேட்டீர்களே, மாமா

பாஸ்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அத்தையும் பாப்பாவும் நலமா? தோட்டத்தில் பெங்களூரா மாங்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அம்மா சொன்னார். மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் கட்டுப்படியாகும் விலை கொடுத்தால் போதும், அப்பாவின் முகம் தெளிந்துவிடும்.

நான் படிக்கும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் பாப்பாவையும் அனுப்பலாமா என்ற யோசனையில், "அது யாருடைய காலேஜ்? ஊர் ஊராகக் கிளை திறக்கிறானே, நம்பலாமா?" என்று போனில் கேட்டீர்கள். அவசரத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். என் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் நீங்கள். உங்களுக்கு முழுப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பக்கம் தனியார் காலேஜ் என்றால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பமோ ஓர் அறக்கட்டளையோ இருக்கும். பெயரைச் சொன்னால் ஊருக்கே தெரியும். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு அப்படி முதலாளி யாரும் இல்லை. தனியார்தான், ஆனால் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. அறங்காவலர் குழு ஒன்று நடத்துகிறது. அதற்காகக் கட்டணம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இளநிலைப் படிப்புக்கு வருடக் கட்டணம் மட்டுமே 60,000 டாலருக்கு மேல். தங்கும் செலவும் சாப்பாடும் தனி.

இது தொடங்கிய கதைதான் உங்களுக்குப் பிடிக்கும். 1898இல் பாஸ்டன் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம், பகலில் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்காக ஒரு மாலைப் பள்ளி தொடங்கியது. முதலில் சட்டம். அப்புறம் 1903இல் மோட்டார் வண்டிப் பள்ளி. இந்த நாட்டிலேயே அந்த மாதிரிப் பள்ளிகளில் முதலாவது அதுதான் என்கிறார்கள். தெருவில் குதிரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நாளைக்கு எந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் என்று பார்த்துப் பாடம் வைத்திருக்கிறார்கள். 1909இல் எட்டு மாணவர்களோடு பகல்நேரப் பொறியியல் வகுப்பு ஆரம்பித்தது. ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை. இதைத்தான் இங்கே கோ-ஆப் என்கிறார்கள். யோசனை இவர்களுடையது அல்ல. சின்சினாட்டியில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906லேயே தொடங்கிவிட்டார். ஆனால் அதையே முதுகெலும்பாக வைத்து ஒரு பெரிய பல்கலைக்கழகத்தை வளர்த்தது இவர்கள்தான். 1922இல் பல்கலைக்கழகம் என்ற பெயர் வந்தது. பகல்நேரப் படிப்புகளில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1943இல். ஒய்.எம்.சி.ஏ.விலிருந்து பிரிந்து தனியாக நின்றது 1948இல்.

நீங்கள் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்த கதையை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! மெஷின் முன்னால் நின்ற முதல் மாதத்தில்தான் புத்தகத்தில் இருந்தது புரிந்தது என்பீர்கள். இங்கேயும் அதே நம்பிக்கைதான். பட்டம் வாங்கும் பொறியாளருக்கும் அந்தப் பயிற்சி வேண்டும் என்று நூறு வருடத்துக்கும் மேலாக விடாமல் செய்கிறார்கள். இப்போது வாரக் கணக்கு இல்லை. இளநிலை மாணவர்கள் பொதுவாக ஆறு மாதம் முழுநேர வேலைக்குப் போய்த் திரும்பி வந்து படிக்கிறார்கள். அந்த ஆறு மாதத்துக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது, பெரும்பாலும் கம்பெனி சம்பளம் தருகிறது.

நடுவில் இவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இது வீட்டிலிருந்து ரயிலேறி வந்து படித்துவிட்டுப் போகும் உள்ளூர் உழைப்பாளிகளின் காலேஜ். கட்டணமும் குறைவு, கூட்டமும் அதிகம். 1990 வாக்கில் சேர்க்கை சட்டென்று விழுந்ததும் ஆட்களைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது. அப்புறம்தான் பாதையை மாற்றினார்கள். குறைவான பேரைச் சேர்ப்பது, விடுதி கட்டுவது, தரவரிசையில் ஏறுவது என்று முடிவு. ஒரு பத்திரிகையின் தரவரிசையில் 1996இல் 162ஆவது இடத்தில் இருந்தவர்கள் பத்தே வருடத்தில் முதல் நூறுக்குள் வந்துவிட்டார்கள். இப்போது இளநிலைக்கு வருடம் 90,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், இடம் கிடைப்பது நூற்றில் பத்துப் பேருக்குக்கூட இல்லை. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இங்கே நிறைய. எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. 1898இல் யாருக்காக இந்தக் கதவைத் திறந்தார்களோ, அந்த உள்ளூர்த் தொழிலாளியின் பிள்ளைக்கு இன்று இந்த வாசல் உயரமாகிவிட்டது.

கிளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஜோசஃப் அவுன் என்பவர் 2006இலிருந்து தலைவராக இருக்கிறார். அவர் காலத்தில்தான் இத்தனையும். 2011இல் சார்லட், 2013இல் சியாட்டில், அப்புறம் சிலிக்கான் பள்ளத்தாக்கு, கனடாவில் டொரண்டோவும் வான்கூவரும். ஊர்ப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும், வேலை இருக்கும் இடத்துக்கே வகுப்பைக் கொண்டுபோகிறார்கள். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் 2020இல் ஆரம்பித்ததற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. அந்த மாநிலத்தில் பிறந்து தொழிலில் பெரிதாகச் சம்பாதித்த டேவிட் ரூ, தன் மண்ணின் பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போகிறார்களே என்று 10 கோடி டாலர் கொடுத்தார். படித்ததும் நம் பிள்ளைகள் பெங்களூர் பஸ் ஏறிவிடுகிறார்களே, நம் தருமபுரிக்கு இப்படி ஒருவர் வர மாட்டாரா என்று நினைத்துக்கொண்டேன்.

சில இடங்களில் புதிதாகக் கட்டவில்லை, இருந்த கல்லூரிகளைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். லண்டனில் ஒரு சிறிய கல்லூரி அப்படி வந்தது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் மில்ஸ் என்ற பெண்கள் கல்லூரி, 1852இல் தொடங்கியது, பணமுடையில் மூடும் நிலைக்கு வந்து 2022இல் இதோடு இணைந்தது. அங்கே படித்த மூத்த பெண்கள் கடுமையாக எதிர்த்தார்கள், வழக்குக்கும் போனார்கள். இன்று அங்கே இளநிலையிலும் ஆண்கள் படிக்கிறார்கள். ஒரு கல்லூரி மூடப்படாமல் தப்பியது நல்லதுதான். ஆனால் பெண்களுக்கென்றே 170 வருடம் இருந்த ஓர் இடம் அப்படியே இல்லாமல் போனதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: கிளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். பாப்பா சேரப்போகும் ஊரில், அவள் எடுக்கும் பாடத்துக்கு, கம்பெனிகள் உண்மையில் ஆள் எடுக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

என் கோ-ஆப் பற்றி இதுவரை விவரமாகச் சொல்லவே இல்லை. மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி, நகரத்துக்கு வெளியே. மருந்தை உடம்புக்குள் மெல்லச் செலுத்தும் பம்புகள் செய்கிறார்கள். நேர்காணலில் ஓர் அம்மையார் சின்ன உலோகத் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்து, "இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்று கேட்டார். விரல் நகத்தால் தடவிப் பார்த்து, டர்னிங் முடிந்து எங்கே பர் (ஓரத்துப் பிசிறு) எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதுவரை சொன்னேன். எங்கே கற்றாய் என்றார். என் மாமாவின் லேத் பட்டறையில் என்றேன். மைக்ரோமீட்டரை இறுக்கித் திருகினால் நீங்கள் தலையில் குட்டுவீர்களே, அது எல்லாம் அன்றைக்கு எனக்குச் சோறு போட்டது மாமா. வேலையில் சேர்ந்த பிறகு மெஷினில் துண்டைப் பிடித்து வைக்கும் ஃபிக்சர் ஒன்றை மாற்றி வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். மெஷின் ஓட்டும் பெரியவர் முப்பது வருட அனுபவக்காரர். முதலில் அவரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் வரைந்தேன். அதற்காகவே அவர் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் கோ-ஆப் யாருக்கும் தட்டில் வைத்துத் தரப்படுவதில்லை. இதைப் பாப்பாவுக்கு அழுத்திச் சொல்லுங்கள். நான் கிளம்பும்முன் பெங்களூரில் ஓர் ஏஜென்ட், "சேர்ந்தாலே வேலை, சம்பளத்தில் கடன் அடைந்துவிடும்" என்று சொல்லி அனுப்பினார். அது பொய். பயோடேட்டா எழுதவும் நேர்காணலில் பேசவும் இங்கே வகுப்பே நடத்துகிறார்கள், வழிகாட்ட ஆள் இருக்கிறார்கள். விண்ணப்பிப்பதும் தேர்வாவதும் நம் பாடு. முதுநிலையில் பலருக்குக் கிடைக்காமலும் போகிறது. என் அறையில் இருக்கும் விஜயவாடாப் பெண் மாதக்கணக்கில் அலைந்தாள். (அவளோடு நம் ஓசூர்த் தெலுங்கில்தான் பேசுகிறேன். சிரித்துக்கொண்டே திருத்துகிறாள்.) அவள் இரவில் அழுததைப் பார்த்தவள் நான். இந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

விசா கணக்கும் இருக்கிறது. பொதுவாக ஒரு கல்வியாண்டு படித்த பிறகுதான் கோ-ஆப் போக அனுமதி. முழுநேரமாகப் பன்னிரண்டு மாதம் போய்விட்டால், படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை அனுமதி அதே நிலைப் படிப்புக்குக் கிடையாது. அந்த அனுமதி ஒரு வருடம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டலாம். அதற்கப்புறம் வேலை விசாவுக்குக் குலுக்கல்தான், திறமையைப் பார்த்து மட்டும் வருவதில்லை. 2023-24இல் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 3,31,000 பேருக்கு மேல், சீனர்களையும் தாண்டிவிட்டோம். அந்த வருடம் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையில் நாட்டிலேயே இரண்டாவது இடம் நார்த்ஈஸ்டர்னுக்கு, 20,000 பேருக்கு மேல். 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் கொடுப்பதைச் சில வாரம் நிறுத்தினார்களே, அப்போது இங்கே எல்லோருக்கும் வயிறு கலங்கியது. வெளிநாட்டுப் பிள்ளைகளை நம்பி வளர்ந்த இடத்துக்கு, அரசின் ஓர் உத்தரவு போதும் ஆட்டம் காண.

மற்றபடி வாழ்க்கை ஓடுகிறது. ரகில்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் காலேஜ். வாடகைதான் கழுத்தை நெரிக்கிறது, ஒரு வீட்டில் பல பேர் சேர்ந்து இருக்கிறோம். ராகி மாவு இந்தியக் கடையில் கிடைக்கிறது. களி கிண்டினேன், மராட்டிப் பெண் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்புறம் அவளே ஒரு உருண்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஆஷ்லண்டில் லட்சுமி கோவில் இருக்கிறது. கார் உள்ள சிநேகிதர்கள் கூப்பிட்டால் போவேன். பனிக்காலத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடுவது மட்டும் இன்னும் பழகவில்லை.

மாமா, இதையெல்லாம் எழுதும்போது மனசு ஓசூரைத்தான் சுற்றுகிறது. சிப்காட்டில் அத்தனை கம்பெனிகள். பக்கத்திலேயே பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி. கோவை பி.எஸ்.ஜி.யில் படிப்போடு தொழிற்சாலைப் பயிற்சியையும் கோத்த சாண்ட்விச் படிப்பைப் பல வருடமாக நடத்துகிறார்கள். நம்மால் முடியாதது ஒன்றும் இல்லை. ஷிப்ட் முடிந்து வரும் பையன் மாலையில் பட்டம் படிக்கவும், பி.இ. படிக்கும் பெண் ஆறு மாதம் சம்பளத்தோடு மெஷின் பக்கம் நிற்கவும் நம் பக்கம் ஓர் இடம் வேண்டும். பாஸ்டன்காரர்கள் எட்டே பேரோடுதானே ஆரம்பித்தார்கள்? உங்கள் சங்கக் கூட்டத்தில் பட்டறைக்காரர்கள் கூடும்போது ஒருமுறை பேச்சை எடுங்கள். பட்டறைக்கு ஒரு மாணவர் என்று எடுத்தாலே பெரிய காரியம். நான் வேலையில் நிலைத்ததும் என் பங்குக்குப் பாடத்திட்டம் எழுதவும், ஆன்லைனில் வகுப்பு எடுக்கவும் தயார். இது வாய் வார்த்தை இல்லை.

பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவசரப்பட்டு இந்த வருடமே பணம் கட்ட வேண்டாம். பி.இ. முடித்ததும் ஒரு வருடம் ஓசூரிலேயே வேலை பார்க்கட்டும். கையில் அனுபவம் இருந்தால்தான் இங்கே கோ-ஆப் தேடும்போது பேச விஷயம் இருக்கும். அதற்குள் வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று வங்கியில் எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாயால் சொல்வதை நம்பாதீர்கள். தோட்டத்துப் பத்திரத்தை மட்டும் இந்த முறை அடமானம் வைக்க வேண்டாம், என் கடனே இன்னும் முடியவில்லை.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மேல் அவளை என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், இங்கே அப்போது காலை. அவளுக்குப் பிடித்த வேலை விளம்பரங்கள் சிலவற்றை எடுத்து வைத்துக்கொண்டு பேசட்டும். என்னென்ன கேட்கிறார்கள், அவளிடம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்